பிச்சாவரத்தில் ஒரு ஏஐ பாடம்

2019இல் சி.பி.எஸ்.இ. 9ஆம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாக்கியது. 2025இல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு ஏஐ கற்பிக்கும் ‘டிஎன் ஸ்பார்க்’ திட்டம் வந்தது. சிதம்பரத்துப் பிள்ளைக்கு எதைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பது? நாய், பூனைப் படமா?

பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறதே!

சுரபுன்னைக்கு வளைந்து இறங்கும் தாங்குவேர்கள். வெண்கண்டலுக்குச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிமிரும் மூச்சுவேர்கள். இரண்டையும் படமெடுத்து, கூகுளின் இலவச ‘டீச்சபிள் மெஷின்’ கருவியில் தனித்தனியாகப் போட்டால், அது பிரித்தறியக் கற்றுக்கொள்ளும்.

சிக்கல் ஓதத்தில்தான். நீர் ஏறினால் மூச்சுவேர்கள் மூழ்கிவிடும். நீர் வற்றிய நேரத்துப் படங்களை மட்டுமே பார்த்த கருவி அப்போது தடுமாறும். தரவில் சாய்வு என்றால் என்னவென்று மாணவர்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கடலூர் துறைமுகத்துப் பிள்ளைகள் இதையே மத்தியையும் கானாங்கெளுத்தியையும் வைத்துச் செய்யலாம். வெளிச்சம் மாறினால் கருவி தடுமாறாதிருக்க, விடியற்காலைப் படம், மதிய வெயில் படம் இரண்டும் வேண்டும்.