பிணங்கள் பெருகின, பயம் குறைந்தது

கொரியாவில் 2016-ல் யோன் ஸாங்-ஹோ எடுத்த "டிரெயின் டு பூசான்" படத்தில், நடைப்பிணங்கள் புகுந்த ரயிலில் ஒரு தகப்பன் தன் சிறு மகளைக் காக்கப் போராடுகிறான். நாம் நடுங்கியது பிணங்களைக் கண்டல்ல, அந்தக் குழந்தைக்காகத்தான்.

அதே டைரக்டர் 2020-ல் "பெனின்சுலா" என்று அதன் தொடர்ச்சியை அளித்தார். ஆவலுடன் உட்கார்ந்தோம். பாழான தேசத்துக்குச் சிலர் திரும்பிப் போகிறார்கள். எதற்கு? இரண்டு கோடி டாலர் கிடக்கும் லாரிக்காக! ஒரு தாயும் இரு பெண்களும் இதிலும் உண்டு; ஆனால் அவர்கள் நம் மனத்தில் இடம் பிடிப்பதற்குள் மோட்டார்கள் சீறிக் கிளம்பிவிடுகின்றன. ஹோசூர்ச் சாலையில் தினமும் லாரிகளுக்குத் தப்பி மத்திகிரியிலுள்ள வீடு வந்து சேரும் உபாத்தியாயருக்கு இதுவா புதுமை?

பிணங்களை ஆயிரமாகப் பெருக்கலாம். பறிகொடுக்க மனம் வராத ஓர் உயிர் நம் கண்முன் இல்லாவிட்டால், பயம் மட்டும் வராது.