நான்கு இலக்கங்கள்

வாடகைக் கொள்முதல் தவணை முடியும்வரை என் மகிழுந்து வங்கிக்கே உரியது. டயர்ச் செலவு மட்டும் எனக்குரியது! முன்டயர்கள் இரண்டும் 1.6 மி.மீ. தேய்மானக் குறிவரை தேய்ந்துவிட்டன. அடைமழையிலும் மூன்று மாணவர்களைத் தோட்டச் சாலையில் ஏற்றிச் செல்கிறேன்.

“வாத்தியாரே, பழசு பாதி விலைதான். பூ நல்லா இருக்கு” என்றார் பட்டறைக்காரர். (டயரின் வரிப்பள்ளங்களை மலாய்மொழியில் பூ என்பர். அழகான சொல்!) பக்கவாட்டில் பார்த்தேன்: 1416. அதாவது, 2016ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பூ வாடாவிட்டாலும் இரப்பர் முதுமையுற்று இறுகும். ஈரச்சாலையில் பிடிப்புக் குறையும்.

மலிவான புதிய டயர்கள் இரண்டு வாங்கிப் பின்னால் மாட்டச் சொன்னேன். மழையில் பின்புறம் வழுக்கினால் வண்டியை அடக்குவது அரிது. பின்னிருந்த நல்லவை முன்னே வந்தன. அவற்றை மாற்றுவது தீபாவளிச் செலவு கழிந்த பிறகுதான்.