அரை மாத்திரை

அரியமங்கலத்தில், தஞ்சாவூர்ச் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் அமைந்த தொடக்கப்பள்ளி அது. மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். தடங்கல் இல்லை, குரலில் ஏற்ற இறக்கமும் இருந்தது. ஆயினும் ஆசிரியைக்கு ஐயம் எழுந்தது. அவன் கண்கள் வரிகளின்மீது நகரவில்லை. பக்கத்தின் மேலிருந்த காகத்தின் படத்திலேயே நிலைத்திருந்தன. அவர் படத்தைக் கையால் மறைத்து, ஐந்தாம் வரியின் நடுவில் ஒரு சொல்லைச் சுட்டினார். 'மரம்' என்பதே அச்சொல். அவன் வாய் திறக்கவில்லை.

முதல் வகுப்பிலிருந்தே அவன் இவ்வாறுதான் காலம் கடத்தியிருக்கிறான். பிறர் படிப்பதைக் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்ளும் ஆற்றல் அவனுக்கு மிகுதி. அந்த ஆற்றலே அவனது குறையைத் திரையிட்டு மறைத்தும்விட்டது. இத்தகைய பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று ஒதுக்குவது எளிது. உண்மையில் படிக்கத் தெரிந்த பிள்ளையைவிட இவர்கள் படும்பாடு பெரிது.

அவனுக்கு எழுத்துகள் தெரியாமலும் இல்லை. சுவரில் தொங்கிய அட்டவணையில் 'மை' எங்கே என்று கேட்டால், 'ம, மா, மி, மீ' என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து விரலை வைப்பான். வரிசை கலைந்தால் எழுத்தும் கலைந்துவிடும். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் ஆகிய 247 எழுத்துகளையும் 247 தனித்தனி உருவங்களாக அவன் சுமந்துகொண்டிருந்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் மெய்யெழுத்தில் இருந்தது. 'அம்மா' என்னும் சொல்லை எழுத்துக்கூட்டச் சொன்னபோது, 'அ, இம், மா' என்றான். நம் பள்ளிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறையே இது. மெய்யைத் தனித்து ஒலிப்பது கடினம் என்பதால் முன்னே ஓர் இகரத்தைச் சேர்த்துச் சொல்கிறோம். இலக்கணக் கணக்கின்படி 'அம்மா' மூன்றரை மாத்திரை. அ ஒன்று, ம் அரை, மா இரண்டு. 'அ, இம், மா' என்றால் நான்கரை ஆகிறது. சொல்லில் இல்லாத ஓர் இகரம் இடையில் நுழைந்துவிட்டது. பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தாமே உதறிவிட்டுச் சொல்லுக்கு வந்துசேர்கின்றனர். சில பிள்ளைகளால் அது இயலுவதில்லை. 'ம, ர, இம்' என்று மூன்று ஒலிகளைக் கேட்கும் பிள்ளைக்கு அதற்குள் ஒரு மரம் நிற்பது எவ்வாறு தெரியும்?

ஆசிரியை எழுத்தின் பெயரைச் சொல்லவில்லை. "உதட்டை மூடிக்கிட்டு மாடு மாதிரி ஒலி எழுப்பு பாப்போம்" என்றார். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே 'ம்ம்ம்' என்றான். "அதுதான் இந்த எழுத்து" என்று புள்ளி வைத்த மகரத்தைக் காட்டினார். உதடு இரண்டும் இயையப் பகரமும் மகரமும் பிறக்கும் என்பது தொல்காப்பியத்தின் பிறப்பியலில் உள்ள செய்திதான். ஒலிவழி வாசிப்பு என்று இன்று பெயரிட்டுப் பேசப்படுவதன் வேர் நம் இலக்கணத்தில் இவ்வளவு ஆழமாக இருக்க, வகுப்பறையில் மட்டும் அதைத் தேர்வுக்குரிய நூற்பாவாக நிறுத்திவிட்டோம்.

எழுத்து ஒலியைத் தெளிவாகக் காட்டவேண்டும் என்ற கவலை இப்பகுதிக்குப் புதிதன்று. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்ப்பணி புரிந்த வீரமாமுனிவர், எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் மயங்காதவாறு திருத்தம் செய்தார். ஓலை கிழியும் என்று புள்ளி விடப்பட்ட சுவடிகளில், முன்பே பொருளறிந்தவரே தடையின்றிப் படிக்க இயன்றது. 1978இல் தமிழக அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தமும் ணா, றா, னா, லை, னை முதலியவற்றின் தனி வடிவங்களை நீக்கிப் பிள்ளைகளின் சுமையைக் குறைத்தது. உகர ஊகார வரிசை மட்டும் இன்றும் கு, டு, பு, ரு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறிப் பிள்ளைகளைச் சோதிக்கிறது.

ஆங்கிலத்தில் இச்சிக்கல் பன்மடங்கு. 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. 'டபிள்யூ' என்னும் பெயரில் 'வாட்டர்' என்பதன் முதல் ஒலி எங்கே இருக்கிறது? அமெரிக்காவில் 2000இல் வெளியான தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை, ஒலியையும் எழுத்தையும் முறையாக இணைத்துக் கற்பிப்பதன் பயனை எடுத்துரைத்தது. இங்கிலாந்தில் 2012 முதல் இளம் பிள்ளைகளின் ஒலிவழி வாசிப்பைச் சோதித்தறிகின்றனர். கொரோனாக் காலத்து இடைவெளிக்குப் பின் தமிழகத்தில் 2022இல் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம், எட்டு வயதிற்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருளுணர்ந்து படிக்கவேண்டும் என்பதை இலக்காகக் கொண்டது.

பொருளுணர்ந்து என்பது அதில் முதன்மையானது. சில மாதங்களில் அம்மாணவன் ஒலிகளைக் கூட்டத் தொடங்கினான். 'காகம்' என்பதில் முதல் ககரமும் இரண்டாம் ககரமும் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. ஆனால், அச்சொல் அவன் காதுக்குப் பழக்கமானது ஆதலால் சரியாகவே சொன்னான். 'மழை பெய்கிறது' என்னும் தொடரில் தடுமாறினான். ஒவ்வோர் எழுத்தையும் பிழையின்றிக் கூட்டிவிட்டு, விழித்தான். வீட்டில் அவன் அறிந்தது 'மழ பேயுது'. அத்தொடரும் இத்தொடரும் ஒன்றே என்று ஆசிரியை சொன்னபோது அவன் முகத்தில் தோன்றியது மகிழ்ச்சியா, ஏமாற்றமா என்று சொல்வது கடினம். கதைகளைக் கேட்டு வளராத காதுக்கு ஒலிப்பயிற்சி மட்டும் போதாது என்பதை ஆசிரியை அன்று கண்டார். அதன்பின் நாள்தோறும் பிற்பகலில் ஒரு கதையை உரக்கப் படித்துக்காட்டுவதை வழக்கமாக்கினார்.

ஆண்டிறுதியில் ஒருநாள் அவனும் அவன் அப்பாயியும் தஞ்சாவூர்ச் சாலையில் பேருந்துக்குக் காத்திருந்தனர். அப்பாயிக்கு எழுத்து தெரியாது. அருகில் நிற்பவரைக் கேட்டுத்தான் பேருந்தில் ஏறுவார். அன்று அருகில் எவரும் இல்லை. "எந்த ஊரு வண்டிடா?" என்றார். அவன் உதடுகள் அசைந்தன. து, வா, க், கு, டி. புள்ளி வைத்த ககரத்தில் மட்டும் ஒரு கணம் நின்றான், இகரம் சேர்க்கவில்லை.

"துவாக்குடி, அப்பாயி!"

அதற்குள் பேருந்து நகரத் தொடங்கிவிட்டது. அப்பாயி கையை உயர்த்திக்கொண்டு ஓடினார். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான்.