கையை மட்டும் உள்ளே விட்டுடாதீங்க!

ஹாஸ்டல் ரூமைவிட்டு நகராதவனுக்கு 'அடைக்கோழி'ன்னு பேர் வெச்சிருப்பீங்க. செமஸ்டர்ல சொதப்புனவன் 'கூமுட்டை'. நிஜ அடைக்கோழியை, நிஜ கூமுட்டையைப் பார்த்திருக்கீங்களா பாஸ்? இல்லேன்னா அடுத்த லீவுக்கு நாமக்கல் பக்கம் வாங்க.

நாமக்கல்லைச் சுற்றி நீள நீளமா கோழி ஷெட்டுகள். கூண்டுக்குள்ளே லெகார்ன் வம்சத்து வெள்ளைக் கோழிகள். ஒவ்வொன்றும் வருஷத்துக்குச் சுமார் 300 முட்டை போடும். ஆனால், அதுங்களுக்கு அடைகாக்கத் தெரியாது! அடையில் உட்காராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததில் அந்தக் குணமே கிட்டத்தட்ட காலி. குஞ்சு பொரிக்கிறது இன்குபேட்டர் வேலை. 37.5 டிகிரி சூடு, முட்டையைத் திருப்பிவிட ஒரு மோட்டார்.

மோட்டார் இல்லாத மாடல் பார்க்கணுமா? சேந்தமங்கலம் வழியாப் போற கொல்லிமலை பஸ்ஸைப் பிடிங்க. 70 கொண்டை ஊசி வளைவு ஆரம்பிக்கிற காரவள்ளிக்கு முன்னாடியே இறங்கிடுங்க (மலை எங்கேயும் ஓடிடாது). வாசலில் பஞ்சாரம் கவிழ்த்திருக்கும் வீடுதான் நம்ம ஸ்பாட்.

நான் போனது ஃப்ரெண்டோட அம்மாயி வீட்டுக்கு. திண்ணை மூலையில் ஒரு கூடை, உள்ளே செவலைக்கோழி. கிட்டே போனதும் இறகைச் சிலிர்த்து, பந்து மாதிரி உப்பி, 'க்ர்ர்ர்'னு ஒரு உறுமல். "மூணு நாளா ராத்திரியும் அங்கயேதான் கெடக்குது கண்ணு. நெஞ்சு முடியப் பிச்சுப் போட்டிருக்குது பாரு" என்றார் அம்மாயி.

அதுதான் அடையாளம். சும்மா முட்டையிட உட்கார்ந்த கோழி, வேலை முடிந்ததும் கொக்கரித்து ஊரைக் கூட்டிவிட்டுப் போய்விடும். அடைக்கோழி போகாது. நாளைக்கு ஒரு தடவை இறங்கும். அவசரமாக இரை, தண்ணி, மூக்கைப் பொத்த வைக்கிற சைஸில் ஒரு எச்சம். உடனே ஓடிவந்து உட்கார்ந்துவிடும். எல்லாம் ப்ரோலாக்டின் ஹார்மோன் லீலை. முட்டையிடுவதும் நின்றுவிடும்.

சிக்கல் இங்கேதான். முட்டைக் காசுதான் அம்மாயியின் மாத்திரைக் காசு. அடை வைத்தால் 21 நாள். அப்புறம் குஞ்சுகளோடு ரெண்டு மாசத்துக்கு மேல் அலையும். அதுவரை முட்டை கிடையாது. வெறும் கூடையிலேயே விட்டாலும் உட்கார்ந்துதான் இருக்கும். சரியாகத் தின்னாமல் இளைத்து, பேன் பிடித்துப் போகும். சீக்கிரம் முடிவெடுத்தே ஆகணும்.

மூக்கில் இறகைச் செருகினால் அடை கலைஞ்சிடும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "வாயில்லா சீவனுங்க அது" என்று அம்மாயி ஒரே போடாகப் போட்டார். எனக்கும் அது கொடுமையாகத்தான் பட்டது. அதைவிட நல்ல வழி இருக்கு. கம்பிவலை அடியுள்ள கூண்டைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, வைக்கோல் போடாமல், தீனியும் தண்ணியும் மட்டும் கொடுத்து மூணு நாலு நாள் விடணும். அடிவயிற்றில் காற்றுப் பட்டுப் பட்டு அடைச்சூடு இறங்கிடும். இன்ஜினீயரிங் பாஷையில் சொன்னால், கூலிங்!

அம்மாயி ரொம்ப நேரம் கோழியையே பார்த்துட்டிருந்தார். "பத்துக் குஞ்சுல அஞ்சு தேறினாலும் தீவாளிக்கு ஆச்சு. வெச்சுப்புடலாம்." சேவல் இருக்கிற வீடாகப் பார்த்து 10 முட்டை வாங்கி வந்தோம். கூண்டுக்கோழி முட்டைக்கு அப்பா கிடையாது, அதனால் கடை முட்டை பொரிக்காது. கூடையில் மணல், வைக்கோல், கூடவே ஒரு கரித்துண்டு, ஒரு ஆணி. இடி இடித்தால் முட்டை கலங்காமல் இருக்கவாம். லாஜிக் கேட்காதீங்க, நானும் கேட்கலை.

ஏழாம் நாள் ராத்திரி ஃப்ரெண்ட் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறான். எட்டு முட்டையில் சிவப்பு நரம்பு சிலந்தி வலை மாதிரி ஓடுது. ரெண்டு வெறும் வெளிச்சம். விட்டுவைத்தால் கூமுட்டையாகி நாறும் என்று அதை எடுத்தாச்சு.

இன்னும் 14 நாள் இருக்கு. போறதா இருந்தா பொரிகடலை வாங்கிட்டுப் போங்க, அம்மாயிக்குப் பிடிக்கும். கூடைக்குள்ளே மட்டும் கையை விட்டுடாதீங்க.