மூன்று விரல் தடங்கள்

மன்னார்த் தீவுக்கு இரண்டு கடல்கள். வடகடல், தென்கடல் என்று சொல்வோம். கரையோரப் பறவைகளைப் படம் பிடிக்கப் புறப்படுகிறவன் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். தீவு வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடக்கிறது. ஆகவே வடகடற்கரையில் நின்றால் சூரியன் கடலின் பக்கமாகவே எழும். அலையோரத்தில் ஓடும் பறவை வெறும் கறுப்பு உருவாகத்தான் கமராவில் விழும். தென்கடற்கரையிலோ வெளிச்சம் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து போய்ப் பறவையின் நெஞ்சில் படும். இறகு இறகாக எண்ணலாம். படத்துக்கு நல்லது தென்கடல்தான். ஆனாலும் சுபஹ் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தால் அது பெரும்பாலும் வடகடற் பக்கமே திரும்புகிறது. எருக்கலம்பிட்டியில் பிறந்தவனுக்கு அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

நமது பகுதியில் சூரியன் சோம்பேறித்தனமாக எழுவதில்லை. நேராக ஏறிவிடும். மஞ்சள் வெளிச்சம் நிற்பது அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி. அதற்குப் பிறகு மணலும் கடலும் ஒரே வெள்ளையாகிப் பறவையின் நிழல் அதன் வயிற்றுக்கடியில் ஒளிந்துகொள்ளும். அந்த அரை மணிக்காக இருட்டிலேயே போய்ப் படுத்திருக்க வேண்டும். ஆம், படுத்துத்தான். நின்றுகொண்டு எடுத்தால் சின்னப் பறவை மணலில் ஒட்டிய புள்ளி. வயிற்றில் படுத்து, முழங்கைகளை ஊன்றி, லென்ஸை மணலோடு மணலாக வைத்தால்தான் அதன் கண் நமது கண்ணுக்கு நேராக வரும். அப்போது பின்னாலிருக்கும் கடல் வெறும் நிறமாகக் கரைந்துபோக, பறவை மாத்திரம் தெளிவாக நிற்கும். இன்னொரு நன்மையும் உண்டு: படுத்துக் கிடப்பவனை அவை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. நாம் நெருங்கினால் பறக்கும். அசையாமல் கிடந்தால் தானாகவே நெருங்கி வரும்.

ஒரு நாள் கரைவலைக்கு வந்தவர் ஒருவர் என் தலைமாட்டில் வந்து நின்றார்.

"என்ன சேர், எதையும் துலைச்சிட்டீங்களா?"

"இல்ல காக்கா, உள்ளான் பார்க்கிறன்."

"இதையா? இதில என்ன இறைச்சி இருக்கு!"

அவர் சொன்னதிலும் நியாயமிருக்கிறது. வெளியூர்களிலிருந்து பெரிய லென்ஸ்களோடு வருபவர்களும் பூநாரைகளைத் தேடி வங்காலைப் பக்கந்தான் போகிறார்கள். 2008 இல் சரணாலயமாகி, 2010 இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்ற அந்த ஈரநிலத்துக்கு அந்த மதிப்பு தகும். கைப்பிடிக்குள் அடங்கிவிடும் ஒரு சாம்பல் நிறப் பறவைக்காக எவர் மணலில் புரள்வார்?

எங்கள் ஊரில் சின்னக் கரைப் பறவைகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், உள்ளான். கூர்ந்து பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு குணம். அலை வடியும்போது பின்னால் துரத்திப் போய், அது திரும்பும்போது முன்னால் ஓடிவரும் வெள்ளைக் கூட்டம் சாண்டர்லிங். வடதுருவத்தை அண்டிய பனிநிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து சேர்பவை. அவற்றின் கால் ஓட்டத்தைப் பிடிக்க வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமும் சில வேளைகளில் போதாமலாகிவிடும். மற்ற உள்ளான்களுக்குள்ள பின்விரல் இதற்கில்லை. ஈர மணலில் மூன்று விரல் தடம் மட்டும் விழும்; அடுத்த அலை அதையும் அழித்துவிடும். வெள்ளை நெஞ்சை எடுக்கும்போது வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து வைக்காவிட்டால் இறகின் விபரம் வெந்துபோன சுண்ணாம்பாகிவிடும் என்பதையும் புதிதாகக் கமரா வாங்கிய தம்பிமாருக்குச் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் நான் தேடிப்போவது இந்த விருந்தாளிகளையல்ல. அலையிலிருந்து சற்று மேலே, சிப்பித்துண்டுகள் சிதறிக்கிடக்கும் காய்ந்த மணலில், நாலடி ஓடி நின்று, குனிந்து கொத்தி, மறுபடி ஓடும் உப்புக்கொத்தி ஒன்றிருக்கிறது. பெரிய கறுத்த கண். இதன் தடமும் மூன்று விரல்தான். இது எங்கும் போவதில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே பொரித்து, இங்கேயே முடிகிறது.

இவ்வளவு காலமும் நூல்களில் இதற்குச் சொந்தப் பெயர் இருக்கவில்லை. இங்கிலாந்தின் கென்ற் பிரதேசத்துப் பெயரைச் சுமக்கும் ஓர் உப்புக்கொத்தியின் உள்ளினமாகவே 1915 முதல் எழுதி வைத்திருந்தார்கள். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து உடலளவையும் மரபணுவையும் ஒப்பிட்டு, இது பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தனியே பிரிந்து வாழும் இனம் என்று 2023 இல் எழுதினார்கள். இலங்கையும் தென்னிந்தியாவுமே இதன் தாயகம். அனுமான் உப்புக்கொத்தி என்று பெயரிட்டார்கள். நாங்கள் ஆதம் பாலம் என்கிற இடத்தை மற்றவர் இராமர் பாலம் என்பதனால் வந்த பெயர். பெயரில் எனக்கு வழக்கில்லை. எவருடையதோ ஒன்றின் கிளையாகக் கணக்கிடப்பட்டுக் கிடந்த ஒன்றுக்கு, நீ நீதான் என்று கடைசியில் எழுதிக் கொடுத்தார்களே, அந்தச் செய்தியை வாசித்த அன்று நான் இரண்டாவது தேநீரும் குடித்தேன்.

இதன் கூட்டைக் கூடு என்று சொல்வதே அதிகம். மணலில் ஒரு சிறு குழி, உள்ளே சில சிப்பித்துண்டுகள், இரண்டோ மூன்றோ முட்டைகள். மணலின் நிறமே முட்டையின் நிறமும். வேலியில்லை, கூரையில்லை. வெயில் ஏறினால் தாய் முட்டைகளின்மேல் குடையாக நிற்கும். நாய் வந்தால் சிறகு முறிந்ததுபோல இழுத்து இழுத்து ஓடி அதைத் தூரமாகக் கூட்டிப்போகும். குஞ்சு பொரித்துச் சில மணி நேரத்திலேயே எழுந்து நடந்து தன் இரையைத் தானே தேடும்.

கூட்டை நான் படம் எடுப்பதில்லை. எடுப்பது கடினமென்பதாலல்ல. நாம் குந்தியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் தாய் விலகி நிற்கிறது, முட்டை வெயிலில் வேகிறது. நாம் போன பின் நம் காலடித் தடத்தைக் காகமும் நாயும் வாசிக்கின்றன. சென்ற பருவத்தில் கொழும்பிலிருந்து வந்த ஓர் இளைஞர், நல்ல பிள்ளை, "சேர், நெஸ்ட் எங்க இருக்கெண்டு மட்டும் காட்டுங்களேன்" என்று கேட்டார். தென்கடற் பக்கம் கூட்டிப்போய்ச் சாண்டர்லிங் காட்டினேன். கமராவைக் கரையோடு திருப்பினால் 2020 டிசெம்பரில் இயங்கத் தொடங்கிய 30 காற்றாடிக் கோபுரங்களில் ஏதாவதொன்று படத்துக்குள் வந்துவிடுகிறதென்று அவர் சலித்துக்கொண்டார். கோபுரமும் இருக்கட்டும், இன்றைய கரை அதுதானே என்றேன். கூட்டைப் பற்றி அவர் பிறகு கேட்கவில்லை.

1990 ஒக்டோபரின் கடைசி நாட்களில் எங்கள் ஊரும் அயலூர்களும் வெளியேற்றப்பட்டபோது இந்த வடகடற்கரையில்தான் வள்ளங்களுக்காகக் காத்திருந்தோம். உள்ளான்கள் வந்திறங்கியிருந்த பருவம். எனக்குப் பதினெட்டு வயது. பிள்ளைகள் அழுதுகொண்டிருக்க, கரையில் அவை தம்பாட்டில் அலையைத் துரத்திக்கொண்டிருந்தன. வீட்டுப் போட்டோ அல்பத்துக்கு எவருடைய மூட்டையிலும் இடமிருக்கவில்லை. கற்பிட்டியில் இறங்கி, புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்து, அங்கேயே வாப்பா மௌத்தானார். அவருடைய முகமென்று இன்று எங்களிடம் இருப்பது அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த ஒரு படம் மட்டும். நாங்கள் விட்டுவந்த வீட்டுக்கு ஒரு படமும் இல்லை.

ஆசிரிய வேலையில் இடமாற்றம் பெற்று நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். உம்மா வரவில்லை. புத்தளத்தில் பேரப்பிள்ளைகள், ஆஸ்பத்திரி, பழகிய அயல். போன தடவை போகும்போது நல்ல கடதாசியில் அச்சிட்ட ஒரு படம் கொண்டுபோனேன். வடகடற்கரை, எதிர்வெளிச்சம், ஓர் அனுமான் உப்புக்கொத்தி. உருவம் கறுப்பு, விளிம்பில் மட்டும் பொன்நூல். இனம் சொல்லப் போதாத படம்.

உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தா. பறவையின் பெயரைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அவவோ விரலைக் கீழே, படத்தின் ஓரத்தில், மங்கலாக விழுந்திருந்த சிப்பிகளின்மேல் வைத்தா.

"இது நம்மட வடகடல் மணலெலோ? ஈரம் காயமுந்தி எடுத்திருக்கிறாய். அந்த நேரத்திலதான் நாங்க சிப்பி பொறுக்கப் போற."