உளுந்தில் ஒரு நெற்றிச்சுட்டி

கொல்கத்தாவின் டாகுரியாவில் மார்கழி வெயில் எங்கள் மொட்டை மாடிக்கு வருவதற்குள் மாவு தயாராகிவிட வேண்டும். மேதினிப்பூர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவரும் கோய்னா போரியை, அதாவது நகை வடகத்தை, பக்கத்து வீட்டு மாஷிமாவிடம் கற்றேன். அவருக்குச் சொந்த ஊர் அங்குள்ள தம்லுக்.

தோல் நீக்கிய உளுந்தை இரவே ஊறப்போட்டு, தண்ணீர் அதிகம் விடாமல் நைஸாக அரைத்து, உப்புப் போட்டுக் கையால் அடிக்க வேண்டும். வேலையின் உயிரே இந்த அடிப்பதில்தான். காற்று ஏற ஏற மாவு வெளுத்துப் பொங்கும். கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும். மெதுவடை சுடுகிறவர்களுக்குத் தெரிந்த பதம்தான்.

தட்டில் கசகசாவைப் பரப்பிக்கொள்வோம். வடகம் ஒட்டாது, பொரித்தபின் ருசியும் கூடும். நடுவில் துளையிட்ட துணியில் சின்னத் தகரக் குழாயைச் செருகி, மாவை வைத்து முறுக்கிப் பிழிய வேண்டும். நெற்றிச்சுட்டி, தோடு, ஆரம், மயில், சங்கு என்று கை போகும். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது சீக்கிரம் வசப்படும். ஆனால் இதில் புள்ளி கிடையாது, அழித்துப் போடவும் முடியாது. ஒவ்வொரு சுழியும் பக்கத்துக் கோட்டைத் தொட்டே ஆக வேண்டும். தொடாத இடத்தில், காய்ந்தபின் எடுக்கும்போது உடையும். அழகுக்காகப் போட்டதாகத் தோன்றும் வளைவுகள்தான் வடகத்தைத் தாங்கி நிற்கின்றன.

வங்காளத்துக் குளிர்கால இளவெயில் இதைக் காயவைப்பதற்கென்றே வாய்த்தது. நம் பங்குனி வெயிலில் விரிசல் விட்டுவிடும்.

1930இல் சாந்திநிகேதன் மாணவி சேவா மைத்தி, தன் தாய் ஹிரண்மயி தேவியும் பாட்டி சரத்குமாரி தேவியும் செய்த இத்தகைய வடகங்களை ரவீந்திரநாத் தாகூருக்குக் கொடுத்தார். அவற்றின் புகைப்படங்களை அங்குள்ள கலைப்பள்ளியான கலாபவனில் வைக்கத் தாகூர் விரும்பினார். சமையற்கட்டில் இருந்த இரண்டு பெண்களின் பெயர் இப்படி நிலைத்ததில் எனக்குப் பெருமிதம் உண்டு. ஆனாலும் படத்தில் வடிவம் மட்டுமே தங்கும். மாவை எவ்வளவு அடித்தார்கள் என்பதை நாக்குதான் சொல்லும். சூடான எண்ணெயில் போட்டுக் கண்மூடித் திறப்பதற்குள் எடுத்து, சோறும் பருப்புமாகச் சாப்பிட்டால்தான் இந்தக் கலை முழுமை பெறுகிறது என்பது என் கட்சி.

உளுந்து இல்லாத தமிழ் வீடு ஏது? வருகிற தை மாதத்தில் ஒரு தட்டாவது போட்டுப் பாருங்கள். கசகசா விலை அதிகமென்றால் எள் போதும். மேதினிப்பூரிலும் எள்ளில் போடுகிறார்கள்.