சொறியும் விரியனும்



மல்லிப்பட்டினத்தில் படகு வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கடைத்தெருவில் பார்த்தபோது கேட்டார்: "சார், வலையில வர்ற சொறி பட்டா கை எரியுது. தென்னந்தோப்புல விரியன் கடிச்சா ஆளே போயிடுறான். ரெண்டும் ஒரே விஷமா?"

வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் அன்று முழுக்கப் பாடம் நடந்திருக்காது!

சொறி, கடல் சாமந்தி, பவளம், நாம் பள்ளியில் படம் போட்ட ஹைட்ரா எல்லாம் ஒரே குடும்பம். பூமியில் இன்றிருக்கும் விஷப் பிராணிகளில் மிகப் பழைய கூட்டம் இதுதான். 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது. இவற்றுக்குப் பல் கிடையாது. தோலில் உள்ள கொட்டும் செல்லுக்குள் ஒரு நுண்ணிய ஊசி சுருண்டு கிடக்கும். ஹைட்ராவில் அளந்திருக்கிறார்கள்: ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஊசி பாய்ந்துவிடுகிறது.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் இப்போது விஷங்களை ஆராயும் கார்த்திக் சுனாகரும், ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் யெஹு மோரனும் 2015-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பழைய விஷம் வேகமாக மாறுகிறதா, புது விஷமா என்று ஒப்பிட்டார்கள். நாம் என்ன நினைப்போம்? பழசு நிறைய மாறியிருக்கும் என்றுதானே. நேர்மாறு! பாம்பின் விஷம் வேகமாக மாறுகிறது. கடல் சாமந்தியின் விஷம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. காரணம், அது தாக்கும் இடம் நரம்பில் சோடியம் போய்வரும் வழி. மீனோ இறாலோ, அந்த வழி பெரிதாக மாறுவதில்லை. பூட்டு மாறாதபோது சாவியை எதற்கு மாற்ற வேண்டும்? மாற்றிய சாமந்திக்குத்தான் பட்டினி. பாம்போ நேற்று வந்த பிள்ளை. தவளை, எலி, பறவை என்று இரை மாற மாற விஷத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கிறது.

சாமந்தியிடம் இன்னொரு கெட்டிக்காரத்தனம். அமெரிக்கக் கழிமுகச் சேற்றில் வாழும் நெமட்டோஸ்டெல்லா என்ற சின்னச் சாமந்தி, தன் முட்டைக்குள்ளேயே விஷத்தை வைத்து அனுப்புகிறது. குஞ்சை விழுங்கிய மீன் உடனே துப்பிவிடுகிறது. தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு என்றுதான் எனக்குத் தோன்றியது.

சரி, இதில் நமக்கு என்ன? விரியன் விஷம் ஊருக்கு ஊர் மாறும் என்பதுதான். நம் நாட்டில் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தைப் பெரும்பாலும் கொடுப்பது சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நம்மூர்ப் பாம்புகளின் விஷத்தில் செய்த மருந்து, வேறு மாநிலத்துப் பாம்புகள் சிலவற்றின் விஷத்துக்குச் சரியாக வேலை செய்வதில்லை என்று சுனாகர் குழுவே பிறகு சோதித்துச் சொன்னது. அங்கேயும் நம்மைப் போலச் சேற்றில் காலை வைக்கும் விவசாயிதானே கடிபடுகிறான்.

மாணவரிடம், "ரெண்டும் வேறப்பா" என்று ஆரம்பித்தேன். அதற்குள் பட்டுக்கோட்டை பஸ் வந்துவிட்டது. தம்பி, மிச்சம் இதுதான். தோப்பில் மட்டை பொறுக்கும்போது கம்பால் தட்டிவிட்டு எடு. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் நேரே அரசு ஆஸ்பத்திரி.